அக்கா பாஸ் சொல்லாத கார்

பக்கத்து வீட்டு அக்கா முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தபோது, புதிதாகக் குடிவந்தவளிடம் வழக்கமாகக் கேட்கிற எதையும் கேட்கவில்லை. சொந்த ஊர் எது, வீட்டுக்காரருக்கு எங்கே வேலை, பிள்ளைகள் எத்தனை, ஒன்றுமில்லை. கூடத்துச் சுவரில் நான் மாட்டியிருந்த கடிகாரத்தைத் தலையைச் சாய்த்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“சாஞ்சிருக்கு லா,” என்றார். “கண்ணுல பட்டுருச்சு. என்னா செய்யிறது?”

நேராகத்தான் இருக்கிறது என்று நான் சாதித்தேன். என் வீட்டுக்காரர் அளவு நாடாவை எடுத்துவந்து இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது, நூலளவு. அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தில் எனக்கு மணி தெரிவதற்கு முன்னால் சாய்வுதான் தெரியும். நேராக்கி மாட்டிய பிறகும் அப்படித்தான். கடைசியில் வேறு கடிகாரம் வாங்கிவிட்டோம்.

எங்கள் தீவின் ஆயர் ஈத்தாமில், சந்தைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் அக்கா வீடும் எங்கள் வீடும் ஒட்டி ஒட்டி இருந்தன. நடுவில் இடுப்புயரக் கம்பி வேலி. பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அக்கா சோதனைப் பிரிவில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை அதே வேலை. பூதக்கண்ணாடி வைத்த விளக்குக்குக் கீழே ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையாக நகர்ந்து வரும். குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். அரிசியை விடக் கொஞ்சம் பெரிய அம்பு, சுருள் சுருளாக வரும். அம்பு ஒட்டிய பலகை ஒரு கூடைக்குப் போகும், வேறொருத்தி அதைச் சரிசெய்வாள். அம்பு ஒட்டுகிறவள் அதில் கைவைக்கக் கூடாது, அது சட்டம். குறையில்லாத பலகைக்கு ஒன்றுமே கிடையாது. அது பாட்டுக்குப் போய்ப் பெட்டியில் விழும்.

“நான் பாத்து விட்டது ஒன்னுகூட திரும்பி வந்ததில்ல,” என்பார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த அம்புச் சுருள் ஒன்று எப்போதும் அக்காவின் கைப்பையில் இருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால் பத்திரிகையில் ஒட்டுவார். புதுச் சட்டை தைத்துக்கொண்டு வந்து காட்டினால் சட்டையில் ஒட்டுவார். விசேஷ வீடுகளில் அக்காவுக்கு முதல் பந்தியிலேயே இடம் போட்டுவிடுவார்கள். மரியாதை என்று அவர் நினைத்தார். சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்பதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் அவர் வீட்டுக்காரரான அண்ணனும் மோட்டார் சைக்கிளில் சூலியா தெருவில் ஒரு கடைக்குக் காலைப் பசியாறப் போவார்கள். அந்தக் கடை பாய், அக்கா தலை தெரிந்ததும், பையன்களை நம்பாமல் தானே வந்து மேசையைத் துடைப்பாராம். துடைத்துவிட்டு, “போதுமாக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாராம். அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக், எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். அக்காவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் ஒரு கண்ணை மூடிக் கேக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மேலே மூடியிருந்த கண்ணாடித் தாளில் ஓர் அம்பு. இரண்டாவது அடுக்கு ஓரமாக நகர்ந்திருந்தது. நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே அடுக்கைப் பிரித்துத் திரும்ப வைத்தேன். கேக் ஆடாமல் அசையாமல் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்குப் பெருநிலத்திலிருந்தெல்லாம் எனக்கு ஆர்டர் வருகிறதென்றால் அதில் அந்த அம்புக்கும் பங்குண்டு. ஒப்புக்கொள்ள இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அக்காவை ஒரேயடியாகத் திட்டித் தீர்த்துவிடவும் முடியாது. கோயில் மண்டபத்தில் ஒருமுறை எல்லோரும் சாமி பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தொங்குவிளக்கின் கொக்கி ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கிறது, கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை நகர்த்துங்கள் என்றார். கமிட்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அக்கா விடவில்லை. அவரை அடக்குவதற்காகவே ஏணி போட்டு ஒருவர் ஏறினார். கொக்கி அவர் கையோடு வந்துவிட்டது. அதன் பிறகு கோயிலில் யாரும் சிரித்ததில்லை. ஆனால் அக்கா உள்ளே நுழைந்தால் கமிட்டிக்காரர்கள் வேறு பக்கமாக வெளியே போய்விடுவார்கள்.

அண்ணனுக்குக் கிரில் வேலை. வீடுகளுக்கு இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, கார் உள்ளே வர பெரிய கேட், எல்லாம் அவரே வெட்டி, பற்றவைத்து, சாயமடித்து, மாட்டியும் கொடுப்பார். ஆள் பெரிய உருவம், குரல் சின்னது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருநாள் மலையடிவாரத்தில் ஒரு பங்களாவுக்குக் கேட் மாட்டப் போனவர், அங்கே ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்தார். கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, முழங்கால் உயரக் கார். வேலியோரமாக நின்று, கையை அகல விரித்து, எனக்கு அதைக் காட்டினார்.

“உள்ளாற பாத்தா வெறும் இரும்புச் சட்டம்மா. நம்ம கேட்டுதான். படுக்கப் போட்டு நாலு சக்கரம் மாட்டியிருக்கான். மேல ஒரு ஃபைபர் தோலு. இத நான் செய்ய மாட்டனா?”

செய்யத் தொடங்கிவிட்டார். எங்கிருந்தோ வரைபடங்களைப் பிடித்துப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வந்தார். பின்பக்கம் இடிபட்டு நொறுங்கிய ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, அதன் எஞ்சினையும் கியர்பெட்டியையும் கழற்றி வைத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்து, குளித்து, கோப்பி குடித்துவிட்டு, வீட்டு முன்கூரையின் கீழே சதுரக் குழாய்களை வெட்டிப் பற்றவைப்பார். சட்டம் உருவானபோது அது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. எதிர்வீட்டுச் சீன அங்கிள் அதைக் கோழிக்கூடு என்று நினைத்து, முட்டைக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

சட்டம் முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வீட்டுக்குள் போகவில்லை. நீலச் சட்டையோடு அப்படியே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் பார்த்தார். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பின்னால் நின்றார், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் பக்கத்தில் நிற்கிற பையன் மாதிரி. அக்கா கைப்பையைத் திறந்தார். ஓர் அம்பு. கொஞ்சம் தள்ளி இன்னோர் அம்பு. எழுந்து உள்ளே போய்விட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டுதான்மா,” என்றார்.

அந்தக் கார் அப்படித்தான் வளர்ந்தது. அவர் செய்வார், இவர் அம்பு ஒட்டுவார். மறுநாள் அவர் தேய்த்து, திரும்பப் பற்றவைத்து, அம்பைப் பிய்த்து முன்கூரைத் தூணில் ஒட்டிவைப்பார். வருஷங்கள் ஓட ஓடத் தூண் சிவந்துகொண்டே போனது. தாமான் என்கிற எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அது வேடிக்கை. எனக்கும்தான். இப்படி ஒரு பொம்பளையிடம் இந்த மனிதர் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லுவேன். அவர் புதுக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அக்கா கருவி எதையும் தொடமாட்டார். தொழிற்சாலைச் சட்டம் வீட்டிலும் சட்டம். காரின் மூக்குப் பகுதியை ஃபைபரில் வார்த்த அன்று, அச்சிலிருந்து ஒரு பக்கம் கழன்று சரிய ஆரம்பித்துவிட்டது. ரெசின் இறுகுகிற நேரம். அண்ணன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “புடி, புடி, அந்தப் பக்கம் புடி!” என்று கத்துகிறார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். “நான் தொடக் கூடாது லா! தொட்டா அப்புறம் எப்படிப் பாக்கிறது?” என்று அவரும் கத்துகிறார். மாவு பிசைந்துகொண்டிருந்த நான் வேலியைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கத்தைப் பிடித்தேன். மூக்கு தப்பியது. காய்ந்த பிறகு பார்த்தால் என் ஐந்து விரலும் மாவோடு அதில் பதிந்திருந்தன. அக்கா அதற்கும் ஓர் அம்பு ஒட்டினார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்து, கடைசியில் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இந்த மாதிரிக் கைவேலைக் காரைச் சாலையில் ஓட்ட அனுமதி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அண்ணனுக்கு அது முதலிலேயே தெரியும். அவருக்குச் சாலை வேண்டாம். அவருடைய தம்பிக்குப் புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று உண்டு, நடுவில் நேராக ஒரு செம்மண் பாதை. காரை லோரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய், அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பாதையில் ஒரு தடவை போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு முன்னால் அக்கா பார்த்து, குறையில்லை, ‘பாஸ்’ என்று சொல்ல வேண்டும்.

ஒரு மாலை வேலியோரம் கோப்பி குடித்துக்கொண்டே அண்ணன் என்னிடம் மனதைத் திறந்தார். கார், எங்கள் பேச்சில் காடி, அப்போது கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அடர்பச்சைச் சாயம், நீளமான மூக்கு, முன்சக்கரங்களுக்கு மேல் வளைந்த இரண்டு மட்கார்டு. எனக்கே ஆசையாக இருந்தது.

“கல்யாணம் கட்டினதிலேருந்து அவ வாயால நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டதில்லம்மா,” என்றார். “கொற இருந்தா சொல்லுவா. நல்லா இருந்தா பேச மாட்டா. சட்ட போட்டுக்கிட்டு வந்து நிப்பேன். ஒன்னும் சொல்ல மாட்டா. சமைச்சு வைப்பேன், சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவா.” அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “இந்தக் காடிக்குச் சொல்லுவா பாரு. சொல்லாம எங்க போறா.”

அக்காவிடம் நானே போய்ச் சொல்லியிருக்கலாம். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் நமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

முதல் தடவை லோரி வந்தது ஒரு விடுமுறை நாளில். தாமானே வந்து கூடிவிட்டது. நான் கேக் வேறு செய்து வைத்திருந்தேன். அக்கா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். படுத்து அடியில் பார்த்தார். அடியில் இருந்தபடியே கையை மட்டும் வெளியே நீட்டிக் கைப்பையைக் கேட்டார். பிரேக் பைப் ஒன்று சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஓட ஓட அறுந்துபோயிருக்கும். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “நல்லவேள பாத்தே,” என்று அக்காவிடம் சொன்னார். லோரி வெறுமனே திரும்பியது. அந்த ஒரு பைப்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு அக்கா எதைக் காட்டினாலும் எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது தடவை லோரி வந்தபோது மட்கார்டு சாயத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சொரசொரப்பு. வெயிலில் ஒரு கோணத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். எனக்கு எந்தக் கோணத்திலும் தெரியவில்லை.

“அக்கா, தோட்டத்துல ஓட்டப்போற காடி,” என்றேன். “மண்ணு அடிச்சா இது எல்லாமே மறஞ்சு போயிரும்.”

“மறஞ்சா இல்லன்னு ஆயிருமா?” என்றார். “கண்ணுல பட்டுருச்சு லா.”

லோரிக்காரருக்கு அண்ணன் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். மட்கார்டைக் கழற்றி, சாயத்தை முழுக்கத் தேய்த்து எடுத்து, மறுபடி அடித்தார்.

இதற்கிடையில் அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். பிரியாவிடை விருந்தில் கூட வேலைசெய்த பெண்கள் கேலியாக ஒரு டப்பா நிறைய அம்புச் சுருள்களை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அக்கா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நாளைக்கு வரும் என்று சந்தோஷப்பட்டார். அந்த விருந்துக்கு நானும் போயிருந்தேன். ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியின் அவசரத்துக்காகச் சரியாகப் பார்க்காமல் விட்ட பலகைகள் திரும்பி வந்துவிட்டதாகவும், வரிசை முழுவதையும் நிற்கவைத்துத் திட்டியதாகவும் சொன்னாள். அதனால்தான் இப்படி ஆனார் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாத்தியாரின் கைக்கடிகாரம் தப்பு என்று சொல்லி அடி வாங்கியவர்தான் என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். சிலருக்குக் கண் அப்படி அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை லோரிக்குச் சொல்வதற்கு முன்னாலேயே அக்கா பார்த்துவிட்டார். முன்கண்ணாடிச் சட்டத்தில் பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ. ஒன்றின் தலையில் உள்ள கீறல் நேராக இருந்தது, மற்றதன் கீறல் குறுக்கே இருந்தது. இரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. இரண்டு அம்புகள்.

அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கருவிப்பெட்டியையும் எடுக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்க வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, “சரிம்மா, அடுத்த வாரம்,” என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

அடுத்த வாரம் வேறொருவர் வீட்டில் கேட் மாட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அவகாசம் தரவில்லை. அன்று காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே நேராகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். நான்தான் முதலில் கவனித்தேன். அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

வீட்டில் கிடத்தியிருந்தபோது யாரோ போட்ட மாலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பார்த்ததை நானும் பார்த்தேன். கை கைப்பை பக்கம் போகவில்லை. தலை குனிந்துகொண்டார். அவர் அழுதபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

பிறகு கொஞ்ச காலம் கார் கித்தான் மூடியபடியே கிடந்தது. அக்கா அதன் பக்கம் போகவில்லை. ஒரு சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றார்.

“அவரு உங்கிட்ட பேசிக்கிட்டு இருப்பாரே,” என்றார். “காடியப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “நீங்க நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தாருக்கா. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு.”

அக்கா என்னைப் புரியாமல் பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை.

“சொல்லணுமா?” என்றார். “நான் ஒட்டாத எடமெல்லாம் என்னா லா அப்ப? எல்லாம் பாஸ்தானே? அவ்வளவு பெரிய காடி. ஏதோ நாலு எடத்துல ஒட்டினேன். மிச்சம் மொத்தமும் நல்லா இருக்கப் போயித்தானே ஒட்டல. அவரு சமச்சது, அவரு சட்ட… நான் எதுலயாச்சும் ஒட்டினனா? அது அவருக்குத் தெரியாதா?”

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பெட்டியில் விழுகிற பலகை மாதிரியா அந்த மனிதரை வைத்திருந்தீர்கள் என்று கேட்டுவிடலாம் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்கா அதே கேள்வியைத் தன்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாதா, தெரியாதா என்று.

அந்த வீட்டை விற்றுவிட்டு அக்கா இப்போது சுங்கை பட்டாணியில் தங்கையோடு இருக்கிறார். எப்போதாவது போனில் பேசுவோம். அதிகம் பேசமாட்டார். நான் சொல்ல வந்தது அவர் போவதற்கு முன்னால் நடந்தது. ஒருநாள் காலையில் வந்து, “லோரிக்குச் சொல்லியாச்சு. தோட்டத்துக்குப் போறோம். நீயும் வா,” என்றார்.

லோரி வந்தது. இந்த முறை அக்கா காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. கித்தானை எடுத்தார், ஏற்றச் சொன்னார், அவ்வளவுதான். லோரிக்காரர் எதையோ எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏற்றினார்.

தோட்டத்தில் கொழுந்தனார் காத்திருந்தார். அண்ணனின் தம்பி. முகம் வேறு ஜாடை, குரல் மட்டும் அப்படியே அண்ணன் குரல். காரை இறக்கிப் பாதையின் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். அக்கா ஓட்டுநர் பக்கம் ஏறினார். அண்ணனின் பழைய வேனை ஓட்டிப் பழகியவர்தான், ஆனால் இருக்கை அண்ணனின் உருவத்துக்கு வைத்தது. கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டார். அக்காவுக்கென்று அண்ணன் அளந்து செய்த இருக்கையில் நான் உட்கார்ந்தேன். அது எனக்கு இடுப்பைப் பிடித்தது. தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று போகும் வழியெல்லாம் அது எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் நடக்கிற வேகத்தில்தான் போனோம். பிறகு கொஞ்சம் கூட்டினார். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடின. காற்று முகத்தில் அடித்தது. தரையை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் சின்ன வேகமே பெரிய வேகமாகத் தெரிந்தது. என்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். உடனே வெட்கமாகப் போய்விட்டது.

“ஏதாச்சும் சத்தம் கேக்குதா?” என்றார் அக்கா.

“இல்லக்கா.”

இன்னும் வேகம் கூட்டினார். ஒரு பள்ளத்தில் வேண்டுமென்றே சக்கரத்தை இறக்கி ஏற்றினார். சடாரென்று பிரேக் போட்டார். கார் அலுங்காமல், ஒரு பக்கமும் இழுக்காமல், இருந்த இடத்தில் நின்றது.

“இப்ப?”

“ஒன்னும் இல்லக்கா.”

“நல்லாக் கேளு லா. எனக்குக் காது முன்ன மாதிரி இல்ல. நல்லாக் கேளு.”

பாதையின் கோடிவரை போய்த் திருப்பினோம். வளைவில் ஸ்டீயரிங்கை ஒரேயடியாகச் சுற்றினார், கார் சொன்னபடி திரும்பியது. அவர் என்ன தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு ஆட்டம், ஒரு உரசல், எங்கேயாவது ஓர் ஒழுக்கு. ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால், காத்திருக்க வைத்ததற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

“இடது பக்கம், பின்னால… ஏதோ ஒரு சத்தம் வர்ற மாதிரி இருக்குக்கா,” என்றேன்.

அக்கா உடனே நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இறங்கி, சேலையோடு அந்தச் செம்மண்ணில் படுத்து, தலையைக் காருக்கு அடியில் விட்டார். நெடுநேரம் பார்த்தார். கையை விட்டு ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. சோதிக்கிற பொருளை அவர் தொட்டுப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். எழுந்து வந்தபோது முகமெல்லாம் சிவப்பு மண். தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“பொய் சொல்றே,” என்றார். கோபமில்லை. “ஒன்னுமே இல்ல. ரெண்டாவது தடவ லோரி வந்தப்பவே ஓடியிருக்கும் இது. ஒரு கொற… ஒரே ஒரு கொற இருந்திருக்கக் கூடாதா லா?”

அவர் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கார் நின்றுபோனதைப் பார்த்துவிட்டுப் பாதையின் அந்த முனையிலிருந்து கொழுந்தனார் கூப்பிட்டார். ஆள் தெரியவில்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும்தான் வந்தது.

“என்னா ஆச்சு? காடி எப்படி இருக்கு?”

அக்கா நிமிர்ந்தார். அந்தக் குரல் வந்த பக்கமே பார்த்தார். பிறகு, எழுந்து நின்று, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிகிற மாதிரி கத்தினார்.

“நல்லா இருக்குங்க! ரொம்ப நல்லா இருக்கு!”